தாணுமாலயன் பெயரில் படித்தவன்

ஒருவன் நான்கு வருஷம் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்தான். அதே நான்கு வருஷம் இன்னொருவன் தன் அப்பாவின் கடையில் உட்கார்ந்தான். பட்டம் கடையில் உட்கார்ந்தவனுக்குக் கிடைத்தது. இவர்களில் கல்லூரியில் படித்தவன் யார்?

வெங்கடேஸ்வரன் என்னிடம் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். என்னை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று வீட்டில் தினமும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அவர் தன் கதையை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சொன்னார். என்னைவிட மூத்தவர்தான். ஆனால் கதை தொடங்கும்போது அவருக்கும் என் வயதுதான் என்பதால் அவன் என்றே எழுதுகிறேன்.

அவர்கள் வீடு மலையாளம் புழங்கும் ஊரில், ஸ்ரீவராகம் பகுதியில். அப்பா சங்கரநாராயண வாத்யாருக்கு ஜபம்தான் ஜீவனம். ஆரியசாலைக் கடைத்தெரு வியாபாரிகள் யாருக்காவது சனி தசை என்றாலும் வியாபாரம் படுத்துவிட்டது என்றாலும் அவருக்குப் பதிலாக வாத்யார் உட்கார்ந்து பத்தாயிரம், லட்சம் என்று ஜபிப்பார். தொடங்கும்போது வியாபாரியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, இது இன்னாருக்காக என்று சங்கல்பம் செய்துகொண்டால் போதும். வியாபாரி அந்த நேரத்தில் கடையில் வத்தல் மிளகாய் நிறுத்துக்கொண்டிருப்பார். புண்ணியம் தானாக அவரைப் போய்ச் சேரும். அந்தத் தெருவில் இதை யாரும் வேடிக்கையாக நினைத்ததில்லை. அந்த வீட்டில் உலை கொதித்ததே இந்த நம்பிக்கையால்தான்.

1949-ல் வெங்கடேஸ்வரன் பள்ளிக் கடைசி வகுப்பான சிக்ஸ்த் ஃபாரம் தேறினான். பள்ளியிலேயே அவன்தான் முதல். ராஜவிலாசம் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கினான். அந்த நாளில் ஊரில் பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட மாப்பிள்ளை என்ன படித்தான் என்று கேட்பதில்லை. ராஜவிலாசமா என்று மட்டும்தான் கேட்பார்கள். இரண்டு தலைமுறை உத்தியோகஸ்தர்கள் அந்த வாசல் வழியாக வந்தவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் மருமகன்களையும் அதே வாசல் வழியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள்.

விண்ணப்பத்தில் தகப்பனார் உத்தியோகம் என்று ஒரு இடம் இருந்தது. வெங்கடேஸ்வரன் யோசித்து, பிரார்த்தனை என்று இங்கிலீஷில் எழுதினான். ஆபீஸ் கிளார்க் அதைச் சத்தமாகப் படித்தார்.

“அச்சனுக்கு ஜோலி பிரார்த்தனையோ? கொள்ளாமல்லோ, நல்ல ஜோலிதான்! எனக்கும் ஒரு புரமோஷன் வேண்டும்னு பிரார்த்திக்கச் சொல்லு, கேட்டோ.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். சிரித்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது என்று என்னிடம் சொன்னான்.

சேர்க்கைப் பட்டியல் வந்தது. அவன் பெயர் இல்லை. ஆரியசாலை பலசரக்கு மொத்த வியாபாரி குற்றாலலிங்கம் பிள்ளையின் மகன் தாணுமாலயன் பெயர் இருந்தது. தாணுமாலயன் சிக்ஸ்த் ஃபாரத்தை இரண்டாம் தடவையில் தாண்டியவன். ஆனால் அவனுக்காக ஒரு பெரிய இடத்துக் கடிதம் பிரின்சிபாலின் மேஜைக்குப் போயிருந்தது.

குற்றாலலிங்கம் பிள்ளை, வாத்யாரின் பழைய வாடிக்கை. ஒரு காலை வீட்டுக்கு வந்தார். ஜபத்துக்குச் சொல்ல வந்திருக்கிறார் என்று வாத்யார் பலகை எடுத்துப் போட்டார்.

“வாத்தியாரே, பயலுக்கு சீட்டு கெடச்சாச்சு. ஆனா பயல் காலேஜுக்குப் போக மாட்டேங்கான். கடையை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கான். முக்காவாசி நாளு ஆஜர் இல்லேன்னா பரீச்சைக்கு விட மாட்டானாம்லா.”

“கொழந்தைக்கு ஒரு தக்ஷிணாமூர்த்தி ஜபம் பண்ணிடலாம், பிள்ளைவாள். தானா புத்தி வந்துடும்.”

“புத்தியெல்லாம் இருக்கு, வேணும்கிறதுக்கு மேலயே இருக்கு. எனக்கு இப்பம் ஒரு ஆளுதான் வேணும். ஒம்ம மகன் சும்மாதானே இருக்கான்?”

வாத்யாருக்கு விளங்கவில்லை. பிள்ளை பொறுமையாக விளக்கினார்.

“எனக்குப் பதிலா நீரு உக்காந்து ஜபிக்கேரு. எம்பேரு, எம்நச்சத்திரம். பலன் யாருக்கு? எனக்கு. பொய்யா? அதே மாதிரி எம்மகன் பேருக்கு ஒம்ம மகன் போயி உக்காரட்டும். பேரு கூப்பிட்டா எந்திரிச்சு ஆஜர் சொல்லணும். நோட்டு எழுதிக்கிட்டு வந்து குடுக்கணும். வீட்டுக்கு வேண்டிய அரிசி பருப்பு மாசா மாசம் கடையிலேருந்து வந்துரும்.”

உள்ளேயிருந்து வாலாம்பாளின் குரல் வந்தது. வெங்கடேஸ்வரனின் அம்மா. கணவரின் வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவள் வாயே திறப்பதில்லை. அன்று திறந்தாள்.

“பசிச்சவாளுக்குப் பதிலா நாம சாப்பிட்டா அவா வயிறு ரொம்புமோ?”

“ஜபம் வேறே, சாப்பாடு வேறேடி,” என்றார் வாத்யார்.

“படிப்பு அதுல எதோட சேர்த்தி? அதைச் சொல்லுங்கோ.”

ஒருவன் உட்கார்ந்தால் இன்னொருவனுக்குச் சேராது என்று வாயால் சொல்லிவிட்டால், வாத்யாருடைய முப்பது வருஷத் தொழில் பொய்யென்று அவரே ஒப்புக்கொண்டதாகும். எதிரில் வாடிக்கைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வாத்யார் மகனைப் பார்த்துத் தலையாட்டினார்.

பழியை அப்பா மீது போட்டுவிட்டுப் போக வெங்கடேஸ்வரனுக்கு மனமில்லை. அவனுக்கும் ஆசை இருந்தது. எந்தப் பெயரில் போனால் என்ன, அந்த வாசலுக்குள் போய்விடலாம், அங்கே இருக்கும் கல்வி என்ற ஒன்று தன்மேல் படும் என்று நினைத்தான். அன்றைக்கு என்னை ஒரு குரங்கின் பெயரில் உட்காரச் சொல்லியிருந்தாலும் போயிருப்பேன் என்றான்.

வகுப்பில் நூற்றிருபது பேர். “தாணுமாலயன்” என்று கூப்பிட்டதும் எழுந்து ஆஜர் சொன்னான். முதல் நாள் குரல் நடுங்கியது. பத்தாம் நாள் நடுக்கம் போய்விட்டது. விஷயம் தெரிந்த இரண்டு மூன்று பையன்கள் அவனுக்கு பினாமி என்று பெயர் வைத்தார்கள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல மனசு என்று எண்ண வேண்டாம். தங்களுக்கும் ஒரு பினாமி கிடைத்தால் தேவலை என்பதுதான் காரணம்.

உள்ளே போன பிறகு அவன் கண்டது என்ன? சரித்திர லெக்சரர் இருபது வருஷத்துக்கு முன் எழுதிய நோட்டை அப்படியே படிப்பார். பையன்கள் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டில் ஒரு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதனால் பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணங்கள் ஏழு என்று தொடங்கி, மூன்றாவதை முடித்துவிட்டு நேராக ஆறாவதற்குப் போய்விடுவார். இடையில் ஒரு இருமல் மட்டும் இருமுவார். பையன்கள் அவரைக் கரையான் சார் என்றார்கள். வருஷா வருஷம் பரீட்சையில் ஐந்து காரணங்களை எழுதி, ஏழு என்று தலைப்புப் போட்டார்கள். விடைத்தாளைத் திருத்துகிறவரும் அவர் சிநேகிதர்தான்.

ஒரு நாள் வெங்கடேஸ்வரன் எழுந்து, நாலாவது காரணம் என்ன சார் என்று கேட்டான். கரையான் சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“உன் தகப்பனார் யார்?”

“குற்றாலலிங்கம் பிள்ளை. ஆரியசாலையில் வியாபாரம்.”

“உட்கார். கொத்தமல்லி நிறுக்கிறவனுக்கு அஞ்சு காரணம் மதி, அது போதும்.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நாலாவது காரணத்தையும் ஐந்தாவது காரணத்தையும் அவன் ஊர்ப் பொது நூலகத்தில் போய்த் தேடிக் கண்டுபிடித்தான். அங்கே வாசலில் யாரும் தகப்பனார் உத்தியோகம் கேட்கவில்லை. கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் தினமும் அங்கேதான் போனான். அவனுக்குத் தெரிந்த சரித்திரமும் இங்கிலீஷும் அந்த மேஜையில் கிடைத்தவை. அதற்கு ராஜவிலாசம் தேவைப்படவே இல்லை.

மாலையில் ஆரியசாலைக்குப் போய் நோட்டைக் கொடுப்பான். தாணுமாலயன் மிளகாய் மூட்டை மேல் சாய்ந்தபடி வரவேற்பான்.

“வாரும் ஓய் வெங்கிட்டு. இன்னைக்கு நான் என்ன படிச்சேன்?”

“பிரான்சுல ராஜா தலையை வெட்டிட்டா.”

“யாரு வெட்டினது? நானா?”

“நீ அப்போ மல்லி நிறுத்துண்டிருந்தே.”

தாணுமாலயன் கெட்டவன் இல்லை. சாக்கில் கையை விட்டால் மல்லி எந்த ஊர், எத்தனை மாசப் பழசு என்று சொல்லுவான். வியாபாரம் அவனுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அப்பா கேட்ட பட்டத்துக்காகப் பரீட்சைக்கு இரண்டு மாசம் முன்னால் மட்டும் வெங்கடேஸ்வரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நோட்டை உருப்போடுவான். பரீட்சையை அவனேதான் எழுதினான். இண்டர்மீடியட் தேறினான். பிறகு பி.ஏ.யும் தேறினான், மூன்றாம் வகுப்பில். ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகாதவன், போனவர்களில் பாதிப் பேரைவிட நல்ல மார்க் வாங்கினான்.

கடைசி வருஷம் குரூப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவுக்குத் தாணுமாலயனே வந்தான். புதுக் கோட்டு, புது டை. வெங்கடேஸ்வரன் கேமராவுக்குப் பின்னால், தோட்டக்காரர்களோடு நின்றான். லெக்சரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான்கு வருஷம் தினமும் பெயர் கூப்பிட்ட கரையான் சார், தன் பின்னால் வந்து நின்ற தாணுமாலயனைத் திரும்பிப் பார்த்தார்.

“பேர் என்ன?”

“தாணுமாலயன், சார்.”

“ஆங். லீவில் கொஞ்சம் தடித்துவிட்டாய்.”

அவ்வளவுதான். முகம் முழுசாக வேறு, நிறம் வேறு, உயரம் அரை அடி வேறு. அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வெங்கடேஸ்வரன் நான்கு வருஷம் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்திருக்கிறான். அந்தப் பயத்துக்கே அவசியம் இருக்கவில்லை. அவனை அங்கே ஒருவரும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இது 1953. குற்றாலலிங்கம் பிள்ளைக்கு மருமகள் வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பெரிய இடம். பட்டம் இருந்தால் போதாது, ஆபீஸ் உத்தியோகமும் வேண்டும், மூட்டைக்கடை மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த மேல்மலை எஸ்டேட் கம்பெனி, ஊரிலிருந்த தலைமை ஆபீசுக்கு ஒரு அசிஸ்டெண்டும் ஒரு கிளார்க்கும் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிய வேண்டும். தாணுமாலயன் முதல் வேலைக்கு மனுப் போட்டான்.

வெங்கடேஸ்வரன் இரண்டாவதற்குப் போட்டான். கையில் சிக்ஸ்த் ஃபாரம் சர்ட்டிபிகேட்டும் டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட்டும் மட்டும். தாணுமாலயன் பட்டம் வாங்கியதோடு பிள்ளை வீட்டு அரிசி நின்றுவிட்டது. அப்பாவுக்குக் குரல் கம்மிவிட்டது. மணிக்கணக்காக ஜபம் செய்ய முடியவில்லை. இந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை.

இருவரையும் ஒரே நாளில் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வராந்தா பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தாணுமாலயனுக்கு வேர்த்துக் கொட்டியது.

“ஓய், உள்ளே இருக்கப்பட்ட ரெண்டு பேரும் ராஜவிலாசத்துக்காரங்களாம். மேனேஜரும் சரி, டைரக்டரும் சரி. காலேஜைப் பத்திக் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? நான் கேட்டைத் தாண்டினதே போட்டோவுக்குத்தான்.”

இந்த இடத்தில் வெங்கடேஸ்வரன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான்கு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. கரையான் சாரின் இருமல், காணாமல் போன காரணங்கள், காண்டீனில் கிடைக்கும் கல் மாதிரி வடை, மழை பெய்தால் ஒழுகும் பதினொன்றாம் நம்பர் அறை என்று பத்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

தாணுமாலயன் உள்ளே போனான். கதவு பாதி திறந்திருந்தது. கடிதம் எழுதச் சொல்லவில்லை. தேயிலை பற்றி ஒரு கேள்வி இல்லை.

“பிரெஞ்சுப் புரட்சிக்கு நாலாவது காரணம் என்ன?” என்று டைரக்டர் கேட்பது வெளியே கேட்டது.

தாணுமாலயன் ஒரு இருமல் இருமினான்.

உள்ளே வெடித்த சிரிப்பில் டம்ளர் உருண்டு விழுந்த சத்தம் வந்தது. “சரியான ராஜவிலாசம் பையன்!” என்றார் மேனேஜர். “பதினொன்றாம் நம்பர் இப்போதும் ஒழுகுகிறதா?” கால் மணி நேரம் இதே பேச்சு. வெளியே வரும்போது தாணுமாலயன் கையில் வேலை இருந்தது.

அடுத்தது வெங்கடேஸ்வரன். கொச்சி ஏஜெண்டுக்கு, தேயிலைப் பெட்டிகள் தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினான். மேனேஜர் படித்துவிட்டு டைரக்டரிடம் நீட்டினார். டைரக்டர் இரண்டு தடவை படித்தார்.

“மிடுக்கன், கெட்டிக்காரன். இங்கிலீஷைப் பார்த்தாலே நம் ராஜவிலாசம் தெரிகிறது. எந்த வருஷம்?”

“கல்லூரி இல்லை, சார். சிக்ஸ்த் ஃபாரம்தான்.”

இருவர் முகத்திலும் இருந்த பிரியம் சட்டென்று வடிந்தது. “கஷ்டம்,” என்றார் டைரக்டர், கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டு. கடிதம் அதே கடிதம்தான். அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

வெங்கடேஸ்வரனுக்கு அடக்க முடியவில்லை. “நான் ராஜவிலாசத்தில் நான்கு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், சார்,” என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். யார் பெயரில் என்பதையும் சொன்னான். நாலாவது காரணத்தையும் ஐந்தாவது காரணத்தையும்கூடச் சொன்னான்.

அவர்கள் கோபப்படுவார்கள், தாணுமாலயனைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தான். கோபம் வந்தது உண்மை. ஆனால் அது இவன்மேல் வந்தது.

“யாரோ ஒரு ஜபக்காரன் மகன், நாங்களெல்லாம் உட்கார்ந்த பெஞ்சில் திருட்டுத்தனமாக உட்கார்ந்திருக்கிறான்!” என்றார் டைரக்டர்.

“அப்படியானால் தாணுமாலயன், சார்?”

“அவர் பட்டதாரி. பரீட்சையை அவர்தானே எழுதினார்? சர்ட்டிபிகேட் அசல்.”

மேனேஜர் காரியக்காரர். கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “சரி, ஒரு உபாயம் சொல்கிறேன். கிளார்க்காகச் சேர்ந்துகொள். தாணுமாலயனின் கடிதங்களை நீ எழுது. அவர் கையெழுத்துப் போடட்டும். உனக்குத்தான் பழக்கமாயிற்றே.”

நாளைக் காலைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி வெங்கடேஸ்வரன் வெளியே வந்தான். வாசல் சாக்கடையோரம் குனிந்து வாந்தி எடுத்தான். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வெறும் தண்ணீர்தான் வந்தது.

அவன் வீட்டுக்குப் போவதற்குள் குற்றாலலிங்கம் பிள்ளையும் தாணுமாலயனும் தாம்பாளத்தில் பழமும் வெற்றிலையுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரின் யோசனை அவர்கள் காதுக்கும் போயிருந்தது. இண்டர்வியூவில் அவன் சொன்னதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஓய், சாரமில்லை, பரவால்ல, சேந்துக்கிடும்,” என்றான் தாணுமாலயன். “எனக்கு அந்தக் கடுதாசி எழவெல்லாம் எழுத வராது. நீரு இல்லேன்னா மூணு நாளுல சாயம் வெளுத்துரும்.”

“அரிசி பழைய மாதிரி வந்துரும், வாத்தியாரே,” என்றார் பிள்ளை.

வாத்யார் மகன் முகத்தைப் பார்த்தார். வாலாம்பாள் வாசற்படியில் நின்றாள்.

“நான் போகப் போறதில்லைப்பா,” என்றான் வெங்கடேஸ்வரன்.

“ஏண்டா? இத்தனை நாளா பண்ணினதுதானே?”

“அதனாலதான். என்னை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு. அவா ஏமாத்தறா, இவா ஏமாத்தறான்னு சொல்லிண்டே நான்தான் நாலு வருஷம் ஆஜர் சொல்லியிருக்கேன். இனிமே எம்பேருல ஒரு வரி எழுதினா போறும்.”

“அப்போ நான் முப்பது வருஷமா பண்ணிண்டிருக்கறது?” வாத்யாரின் கம்மிய குரல் இன்னும் கம்மியது.

“அது யாருக்குச் சேரணும்னு பகவானுக்குத் தெரியும்ப்பா. இந்தக் காலேஜுக்கும் கம்பெனிக்கும் ஆளே அடையாளம் தெரியலையே.”

பிள்ளை தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எடே தாணு, வா. ஊருல வேற ஆளா இல்லை?” என்றார். வாசலில் நின்ற வாலாம்பாள் அவர்கள் போக வழிவிட்டாள். பிறகு உள்ளே போய், இருந்த அரிசியைக் களைந்து கஞ்சிக்கு வைத்தாள். முதல் கிண்ணம் கஞ்சியை அன்றைக்கு மகனுக்குத்தான் ஊற்றினாள்.

அடுத்த மாசம் வெங்கடேஸ்வரன் வித்துராவுக்குப் போனான். அங்கே சந்தையில் ஒரு மேஜையும் வாடகை டைப்ரைட்டரும் போட்டுக்கொண்டு, மிளகும் இஞ்சியும் பயிரிடுகிற சிறு விவசாயிகளுக்கு இன்றும் மனுவும் கடிதமும் எழுதிக் கொடுக்கிறார். எல்லாவற்றின் அடியிலும் எழுதியவர் வெங்கடேஸ்வரன், வித்துரா என்று இருக்கும். நான் அவரைப் பார்த்தது அந்த மேஜையில்தான். வருமானம் கொஞ்சம்தான். வீட்டுக்குப் போதவும் இல்லை. மனதுக்கு நிம்மதி வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, ஆத்திரம் அப்படியே இருக்கிறது என்றார். தாணுமாலயன் இப்போது சீனியர் அசிஸ்டெண்ட். அவன் கடிதங்களை எழுதவும் ஒரு ஆள் கிடைத்துவிட்டான். ராஜவிலாசத்தில் இடம் கிடைக்காத இன்னொரு பையன். பள்ளியில் முதல் மார்க்காம்.

இதில் வருத்தப்பட மட்டும் என்னால் முடியவில்லை. அசிங்கமாக இருக்கிறது. பெரிய கல்லூரியில் நல்ல வாத்தியாரே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கலாம். ஆனால் அந்த நல்ல வாத்தியாருக்காக யாரும் அந்த வாசலில் நிற்கவில்லை. வாசலுக்காகவே நிற்கிறார்கள். நானும் நிற்கவிருந்தேன்.

இதைப் படித்தவர்கள் படித்ததோடு வைத்துவிடாதீர்கள். இந்த மாசம் உங்கள் தெருவிலும் யாராவது ஒரு பிள்ளை விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று அதைத் திட்டிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.